அறுதியிட்டுச் சொன்ன மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் இத்தனை வருஷமும் விதவிதமாகப் பொய் சொல்லிப் பார்த்துவிட்டேன். தங்கச்சிகளைக் கரையேற்றும் பொறுப்பு இருந்தது என்றேன். (எனக்குத் தங்கச்சியே கிடையாது.) உடம்பு சரியில்லை என்றேன். எனக்கே பிடிக்கவில்லை என்றேன். கடைசிப் பொய்யைத்தான் அதிகம் பேர் நம்பினார்கள், என் மூஞ்சி அப்படி.

நிஜம் என்னவென்றால், நான் ஒரு வார்த்தையைப் பேசிக் கெட்டுப்போனவன். கெட்ட வார்த்தையாக இருந்தால்கூடப் பரவாயில்லை, லாரி மெக்கானிக்குக்கு அது சகஜம் என்று விட்டிருப்பார்கள். இது நல்ல வார்த்தை. கோட்டு போட்டு நாற்காலியில் உட்காரும் வார்த்தை. அறுதியிட்டு.

'அறுதியிட்டுக் கூறுகிறேன்' என்றால், இதுதான் முடிவு, இதற்கு மேல் பேச்சில்லை என்று அர்த்தம். வக்கீல் சொல்லலாம். மேடையில் துண்டு போட்டவர் சொல்லலாம். பெண் பார்க்கப் போன இடத்தில், கையில் காப்பி டம்ளரோடு, எவனும் சொல்லக்கூடாது. நான் சொன்னேன்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது அது. ஓசூரில் அப்போது கம்பெனி எதுவும் வரவில்லை. இன்றைக்கு ஷிப்டு பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடமெல்லாம் கேழ்வரகுக் காடு. பெங்களூர் ரோட்டோரம் தகரம் போட்ட லாரி ஷெட் ஒன்று இருந்தது. அதில் நான் மெக்கானிக். சொந்த ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். அப்பா, அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தே செத்தார்கள். அண்ணன் சாமுவேலும் அதே வேலைக்குத்தான் போனான். எங்கள் வீட்டில் ஸ்பேனர் பிடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

திமிர் இருந்ததே தவிர, பேச ஆள் இல்லை. முதலாளிக்குக் கன்னடம். கூட வேலை செய்த வெல்டருக்குத் தெலுங்கு. இரண்டு பாஷையும் எனக்கு வண்டி பாகங்கள் அளவுக்குத்தான் தெரியும். கிளட்ச், பிரேக், ஆக்ஸில் என்று நாள் முழுக்கப் பேசலாம். மனசு சரியில்லை என்று சொல்ல இரண்டிலும் வழி தெரியாது. (தமிழிலும் தெரியாதுதான், அது வேறு விஷயம்.) டிரைவர்கள் தமிழில் பேசுவார்கள். ஆனால் டிரைவர் மெக்கானிக்கிடம் பேசுவதை யாரும் பேச்சு என்று சொல்ல மாட்டார்கள்.

பத்திரப் பதிவு ஆபீசுக்குப் பின்னால் ஒரு ரூமில் குடியிருந்தேன். எனக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு. அந்தப் பக்கம் பத்திரம் எழுதுகிற ராமண்ணா. என்னைவிட நாலைந்து வயது பெரியவர். வீட்டில் தெலுங்கு, கடைவீதியில் கன்னடம். தமிழ் பேசத் தெரியும், ஆனால் அவர் வாயில் அது வந்தது பத்திரத்தில்தான். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். காலையில் நான் பல் விளக்கும்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் ஆரம்பிக்கும்.

"...நான் என் சுயபுத்தியோடும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனப்பூர்வமாகச் சம்மதித்து..."

நாள் முழுவதிலும் எனக்குக் கிடைத்த முழு வாக்கியத் தமிழ் அவ்வளவுதான். சிலர் ரேடியோ கேட்பார்களே, அப்படி நான் ராமண்ணாவின் பத்திரத்தைக் கேட்டேன். நாளாக ஆக எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. சுயபுத்தியோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் குளித்தேன். மனப்பூர்வமாகச் சம்மதித்து உப்புமா தின்றேன். அதிலெல்லாம் எனக்கு உயிரான இடம், பத்திரத்தின் கடைசியில் வரும்:

"...மேற்படி சொத்தில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்று அறுதியிட்டு எழுதிக் கொடுத்த கிரயப் பத்திரம்."

அந்த அறுதி என்கிற இடத்தில் ராமண்ணா குரலைத் தாழ்த்தி ஒரு அழுத்து அழுத்துவார். போல்ட் கடைசித் திருகில் வந்து பிடிக்குமே, அந்த மாதிரி இருக்கும். உலகத்தில் யாரும் மதிக்காத ஒருத்தனுக்கு இந்த மாதிரி ஒரு வார்த்தை கையில் கிடைத்தால் அவன் சும்மா வைத்துக்கொண்டிருப்பானா? ஷெட்டில் எடுத்துவிட்டேன். ஒரு டிரைவரிடம், "இந்த கியர்பாக்ஸ் இனி ஓடாது என்று அறுதியிட்டுக் கூறுகிறேன்" என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெல்டரிடம் போய், "இவனுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கொடுமை. காலையில் ஜெபம் முடிந்துவிடும். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பகல் அப்படியே கிடக்கும். ராமண்ணாவும் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவார். தகரத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போவேன்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் மாநிலத்தில் மதுவிலக்கு. அந்தப் பக்கம் மைசூர் மாநிலம், அங்கே கடை திறந்து கிடக்கும். எல்லை தாண்டியதும் வருகிற ஊர் அத்திப்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் ஆம்பிளைகளில் பாதிப் பேருக்கு அங்கே ஏதாவது ஒரு ஜோலி வந்துவிடும். மாடு பார்க்கிறேன் என்பான் ஒருவன், பங்காளியைப் பார்க்கிறேன் என்பான் இன்னொருவன். அத்தனை பேரும் ஒரே சாராயக் கடை வாசலில் சந்தித்துக்கொள்வார்கள்.

நான் குடிக்கிறவன் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சாராயக் கடைக்குப் பக்கத்தில் ஒரு போண்டாக் கடை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு நீள பெஞ்சு. அதில் போய் உட்காருவேன். ஒரு தட்டு போண்டா வாங்குவேன். அதை மெதுவாகத் தின்பேன். சீக்கிரம் தின்றுவிட்டால் எழுந்திருக்கச் சொல்வார்கள், அதனால் ஆறவைத்து, பிட்டுப் பிட்டுத் தின்பேன். பெஞ்சில் இருக்கிறவர்கள் தமிழில் பேசுவார்கள். குடித்தவன் பேசுகிற தமிழ் போல நல்ல தமிழ் கிடையாது. அவன் போல்ட்டு நட்டைப் பற்றிப் பேச மாட்டான். பெண்டாட்டி பேசாமல் இருப்பதைப் பற்றிப் பேசுவான், செத்த பசுவைப் பற்றிப் பேசுவான். சில பேர் என் தோளில் சாய்ந்து அழுவார்கள். நானும் தட்டைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தட்டிக் கொடுப்பேன். வாரத்தில் இன்னொரு மனுஷ உடம்பு என்மேல் பட்டது அந்த ஒரு நாள்தான்.

இப்படி இருக்கும்போது அண்ணி ஒரு இடம் கொண்டுவந்தாள். மத்திகிரியில் அந்தோணி என்று ஒருத்தர், மாட்டுப் பண்ணையில் வேலை. மூன்றாவது பெண் ஆரோக்கியம். அவர்கள் மாதா கோயில் கிறிஸ்தவர்கள், நாங்கள் வேறு சபை. பெண்களை வரிசையாகப் பெற்றவருக்கு அந்த வித்தியாசம் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. சம்பளக்காரப் பையன், கெட்ட பழக்கம் இல்லை, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாராம்.

எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெண் எப்படி இருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. சாயங்காலம் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் உள்ளே யாரோ, "ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். அதையே திரும்பத் திரும்ப நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனும் அண்ணியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நகக்கண்ணில் இருந்த கிரீசை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியிருந்தேன். அண்ணி முகர்ந்து பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, பக்கத்துல யாரும் பீடி பத்த வெக்காம பாத்துக்கோங்க" என்றாள். அவர்கள் ஜட்காவில் வந்தார்கள், நான் சைக்கிளில் கூடவே மிதித்தேன். வழியெல்லாம் அண்ணன் ஜட்காவிலிருந்து தலையை நீட்டி ஒரே பாட்டு.

"டேய், போனமா, காப்பி குடிச்சமா, வந்தமான்னு இருக்கணும். வாயத் தொறக்காத. உன் வாயி எனக்குத் தெரியும்."

"நான் என்ன ஊமையா?"

"இன்னிக்கி ஒரு நாளைக்கி ஊமையா இருடா சாமி."

வீடு சின்னது. நடுவில் மாதா படம், கீழே விளக்கு. அந்தோணி நல்ல மனுஷர். பாயைத் தட்டிப் போட்டு, பக்கத்தில் இருந்த தன் தம்பியைக் கைகாட்டினார். "இவன் சவரிமுத்து. முன்ன குடிச்சிட்டிருந்தான். போன திருநாளுக்கு மாதா முன்னால முட்டி போட்டு, இனிமே தொடறதில்லன்னு சத்தியம் பண்ணிட்டான். அன்னியிலேர்ந்து ஒரு சொட்டு கெடையாது. ஊரே இவனத்தான் ஒதாரணம் சொல்லுது."

சவரிமுத்து கண்ணை மூடித் திறந்தார். எனக்கு அந்த மூஞ்சியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அப்போது காப்பி வந்துவிட்டது, மறந்துவிட்டேன்.

காப்பியைக் கொண்டுவந்தது ஆரோக்கியம். அந்தோணி என்னைப் பார்த்து, "மாப்ள, உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். வாயைத் திறந்தேன். பத்திரம்தான் வந்தது.

"போச்சம்பள்ளிப் பக்கம் எனக்குப் பூர்வீகம். தற்சமயம் ஓசூரில் வாசம். என் மேல் யாதொரு வில்லங்கமும் இல்லை."

அண்ணன் என் தொடையைக் கிள்ளினான். அந்தோணி வாய்விட்டுச் சிரித்தார். ஆரோக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. நான் பேசி ஒரு பெண் சிரித்தது அதுதான் முதல் தடவை. கேலிச் சிரிப்பு இல்லை அது. எனக்குத் தெரியும், கேலிச் சிரிப்பு கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. இனி இந்தப் பாஷைதான் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதில்தான் நாசமாகப் போனேன்.

தட்டில் பலகாரம் வந்தது. போண்டா. நான் வழக்கப்படி ஒன்றை எடுத்து, பிட்டு, ஊதி, ஆறவைத்தேன். சவரிமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தொடையில் தட்டினார்.

"இப்பத் தெரிஞ்சி போச்சி! அதான், எங்கியோ பாத்த ஆளு எங்கியோ பாத்த ஆளுன்னு யோசன பண்ணிட்டே இருந்தேன். அண்ணா, இந்த ஆளு அத்திப்பள்ளி சாராயக் கட பெஞ்சில குந்திட்டிருக்கும். ஞாயித்துக்கெழம ஆனா போதும், தட்டும் கையுமா அங்கதான்."

அண்ணன் என்னைப் பார்த்தான். அவனுக்கே தெரியாத சங்கதி அது.

அந்தோணி சிரிப்பை எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார். "குடிப்பியாப்பா?"

"இல்லைங்க."

"அப்ப அங்க உனக்கு என்னா வேல?"

இங்கேதான் நான் நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். போண்டா தின்னப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். பேச்சு கேட்கப் போனேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு யாருமில்லை, ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதவோரம் அவள் நின்றுகொண்டிருந்தாள். மனுஷன் பேச்சுக்கு அலைந்து சாராயக் கடை வாசலில் போய் உட்கார்கிறவன் என்று அவள் முன்னால் எப்படிச் சொல்வது? குடிகாரன் என்றால்கூட அதில் ஒரு கெத்து இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது?

டம்ளரோடு எழுந்து நின்றேன். ராமண்ணா மாதிரியே குரலைத் தாழ்த்தினேன்.

"நான் மது அருந்துபவன் அல்ல என்று இந்தச் சபையில் அறுதியிட்டுக் கூறுகிறேன்!"

அந்தோணி அண்ணனிடம் திரும்பினார். "என்னா சொல்றாரு?"

"குடிக்கலன்னு சொல்றானுங்க."

"அத நேரா சொல்லலாமில்ல? சரி வுடுங்க. மாப்ள, இப்பிடி வாங்க. மாதா படத்து மேல கைய வெச்சி சத்தியமா குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எனக்கு அது போதும்."

அவர் நியாயமாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் சபையில் சத்தியம் செய்யக்கூடாது. எதன் மேலும் கூடாது. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆயுசுக்கும் சத்தியமே பண்ண மாட்டேன் என்று சாகும்போது அம்மா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். (இதில் ஏதோ இடிக்கிறது என்பது எனக்கு இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.)

"நாங்க சத்தியம் பண்றதில்லைங்க."

"மாதா வேணாம்னா வேதப் புஸ்தகம் மேல பண்ணுங்க."

"அதும் இல்லைங்க."

"சரி, பெத்த தாயி மேல?"

"எது மேலயும் இல்லைங்க. ஆனா அறுதியிட்டு வேணும்னா இன்னொரு தடவ..."

"அறுதிய வுடுப்பா!" என்று கத்திவிட்டார் அந்தோணி.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ரெட்டியம்மா, "ஒட்டு வெய்யமனு!" என்று தெலுங்கில் குரல் கொடுத்தாள். பால் ஊற்ற வந்த கவுடா, "ஆணெ மாடப்பா, ஏனு தப்பு?" என்றார் கன்னடத்தில். என்னை மூன்று பாஷையில் சத்தியம் பண்ணச் சொன்னார்கள். மாட்டேன் என்று மூன்று பாஷைக்கும் சேர்த்துத் தலையை ஆட்டினேன். குடிக்காதவன் சத்தியம் பண்ண ஏன் பயப்படுகிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சவரிமுத்து மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியாண்ணா?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கோபத்தில்தான் அந்த மூஞ்சி யார் என்று எனக்கும் ஞாபகம் வந்தது.

"நான் பெஞ்சில குந்தியிருந்தத நீங்க பாத்தீங்க. சரி. நீங்க எதுக்கோசரம் அங்க வந்தீங்க?"

சமையலறையிலிருந்து சவரிமுத்துவின் பெண்டாட்டி ஜல்லிக் கரண்டியோடு வெளியே வந்தாள். எண்ணெய் தரையில் சொட்டியது.

"அதான? நீ எதுக்குய்யா அங்க போன?"

சவரிமுத்து ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எழுந்தார், மாதா படத்தின் மேல் பட்டென்று கையை வைத்தார். "மாதா மேல ஆணையா சொல்றேன். மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்கப் போனேன். பொய்யின்னா என் கண்ணு அவிஞ்சி போவட்டும்."

அவ்வளவுதான். எல்லோர் மூஞ்சியும் தெளிந்துவிட்டது. பெண்டாட்டி கரண்டியைத் தாழ்த்தினாள். ரெட்டியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"புண்ணாக்கு ஓசூர்லியே கெடைக்குமே!" என்று நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. "என் தோள்ல சாஞ்சி அழுதது மறந்து போச்சா?" என்றேன். அப்போது மட்டும் சவரிமுத்துவின் கண் ஒரு தரம் என் பக்கம் வந்து போனது. எதற்காக அழுதார் என்பதை நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் எழுத மாட்டேன். குடித்தவன் சொன்னதானாலும் அது அவன் என்னை நம்பிச் சொன்னது.

அந்தோணி அண்ணனைப் பார்த்துச் சொன்னார். "நீங்களே சொல்லுங்க. மாதா மேல கைய வெச்சவன நம்பறதா, இந்த அறுதிய நம்பறதா?"

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான். வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் பத்து நாளில் ஆறியிருக்கும். அந்தோணியே சொல்லி அனுப்பியிருப்பார். நான் வாசற்படியில் திரும்பி நின்றேன். இரண்டு வருஷம் தகரத்தின் வழியாகக் கேட்ட அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"என் சுயபுத்தியோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் இல்லை என்று அறுதியிட்டுக் கூறுகிறேன்!"

(வாரிசு வருவதற்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு வாரிசுக்கும் சேர்த்துப் பேசிய ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.)

வாசலில் அண்ணனும் அண்ணியும் ஜட்காவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என் சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்தது. போய் எடுத்தேன். ஸ்டாண்டைத் தட்டும்போது பின்கட்டுக் கதவு திறந்தது. ஆரோக்கியம். கையில் நான் குடித்த டம்ளர், கழுவ எடுத்து வந்திருப்பாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, சின்னக் குரலில் கேட்டாள்.

"அப்ப எதுக்குத்தான் அங்க போவீங்க?"

அந்த வீட்டில் எல்லோரும் சத்தியம் கேட்டார்கள். காரணம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டது இவள் ஒருத்திதான். பதிலைச் சொன்னால் நம்பத் தயாராக இருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

நான் சொன்னேன்: "ஒருக்கா அறுதியிட்டுச் சொன்னா சொன்னதுதான்."

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் "செரி" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மத்திகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். மிதிக்கத் தோன்றவில்லை. ஜட்கா எனக்காக மெதுவாக முன்னால் போனது. பாதி வழியில் அண்ணியின் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்கி அடக்கி முடியாமல், "எனக்கோ என் வாரிசுகளுக்கோ..." என்று அண்ணன் தோளில் சாய்ந்து சிரித்தாள். முறைத்துக்கொண்டிருந்த அண்ணனும் கொஞ்ச தூரம் போனதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். ஜட்காக்காரனுக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவனும் சிரித்தான். எங்கள் குடும்பத்தின் பெரிய நகைச்சுவை அன்றைக்கு அந்த ஜட்காவில்தான் பிறந்தது.

மறுநாள் காலையில் தகரத்தைத் தட்டி ராமண்ணாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்ப்பா மெக்கானிக்கு, அந்த வார்த்தய நீ எதுக்கு எடுத்தே? அறுன்னா அறுக்கறது. நெலத்த வித்துட்டுப் போறவன் எழுதிக் குடுக்கறது அது. எனக்கும் இந்த மண்ணுக்கும் இருந்தத அறுத்துக்கிட்டேன், திரும்ப வந்து கேக்க மாட்டேன்னு. சேரப் போற எடத்துல போயி யாருனா அதச் சொல்வாங்களா?"

"பின்ன, சேரப் போற எடத்துல என்ன சொல்லணும்?"

ராமண்ணா யோசித்தார். பேனாவை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் காதில் சொருகினார்.

"அது எங்க பத்திரத்துல வர்றதில்லப்பா" என்றார்.

கோபத்தில் எல்லா வார்த்தையையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அதற்கப்புறம் வந்தது, என்ஜினைப் பிரிப்பதுபோல. லைப்ரரியில் அகராதி இருந்தது. ராமண்ணா சொன்னது சரிதான். கதிர் அறுப்பதும் கயிறு அறுவதும் எந்த அறுவோ அதே அறுதான் இதிலும் இருக்கிறது. அறுதி என்றால் முடிவு, எல்லை. பேச்சை இந்த இடத்தில் வெட்டிவிடுகிறேன் என்பதுதான் அறுதியிடுவது. உறுதி என்று எடுத்துப் பார்த்தால், உறு என்றால் சேர்வது, பொருந்துவது. சத்தியத்துக்கு இன்னொரு பெயரான பிரமாணம் என்றால் அளவு என்று போட்டிருந்தது. அளந்து பார்த்துச் சரியென்று சொல்வதாம். சவரிமுத்து எதை அளந்தாரோ தெரியாது. ஆக, அளந்து சொல்லலாம், சேர்த்துச் சொல்லலாம், நான் வெட்டிச் சொன்னேன். ஷெட்டில் தினமும் பார்க்கிறதுதான். போல்ட்டைப் பிடிக்கிற வரைக்கும்தான் திருக வேண்டும். இன்னும் ஒரு திருகு என்று பலத்தைக் காட்டினால் கழுத்தோடு அறுந்து கையில் வந்துவிடும்.

இப்படியெல்லாம் பெரிதாக யோசித்தேன். பிறகு அதுவும் பொய் என்று தெரிந்தது. வார்த்தை என்ன செய்யும்? 'போண்டா தின்னப் போனேன்' என்று சொல்லியிருந்தால் என் கதையே வேறு. அதில் பிரித்துப் பார்க்க எதுவும் கிடையாது.

கதை பஸ் போகிற ஊரெல்லாம் போய்விட்டது. பர்கூரில் ஒரு வீட்டில் காப்பிக்கு முன்னாலேயே, "அந்த அறுதி மாப்ள நீங்கதானா?" என்று கேட்டார்கள். கிருஷ்ணகிரியில் ஒரு பெண், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் நான் போகவில்லை. ஆரோக்கியத்துக்கு அடுத்த வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. அவள் கஷ்டப்பட்டாள் என்று எழுதினால் இந்த இடத்தில் நன்றாக இருக்கும். ஆனால் நன்றாகத்தான் இருந்தாளாம். புருஷன் தங்கமான ஆளாம். நான் விசாரித்தேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் பிள்ளைகள் சின்ன வயசில் கத்திரிக்காய் வேண்டாம் என்றால், "அறுதியிட்டுச் சொல்றியா, சும்மா சொல்றியா?" என்று அண்ணி கேட்பாள். பிடிவாதம் பிடித்தால், "சித்தப்பா பண்ணாத" என்பார்கள். அண்ணன் மகள் சமையலறைச் சண்டையில் புருஷனிடம், "உனக்கோ உன் வாரிசுகளுக்கோ இனி தோசை கிடையாது" என்று கத்துகிறாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கத்துகிறாள். நான் பேப்பரைப் பார்ப்பேன்.

போன மாதம் அண்ணன் பேரனுக்குப் பர்கூரில் பெண் பார்க்கப் போனோம். வேன் வைத்துக்கொண்டு போனோம். கிளம்பும்போதே எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "சித்தப்பாவுக்கு முட்டி வலி, வேன்லியே இருக்கட்டும்" என்றாள் அண்ணன் மகள். எனக்கு முட்டி வலி கிடையாது. நானும் ஆமாம் என்றுவிட்டேன்.

எல்லோரும் உள்ளே போனார்கள். வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பேச்சு கேட்டது. யார் யாருக்கு என்ன வேலை, எந்தக் கம்பெனி, எந்த ஷிப்டு. நான் கண்ணாடியை இறக்கிவிட்டேன். டிரைவர் சின்னப் பையன், மத்தூர்க்காரன். பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்கு பெரியவரே இங்க குந்திட்டீங்க? உள்ள போலியா?"

"உள்ள பேசிட்டிருக்காங்க இல்ல. அதக் கேக்கறதுக்குப்பா."

சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

"உள்ள போனா இன்னும் நல்லாக் கேக்குமே" என்றான் அவன்.

அதற்குள் பெண் வீட்டில் ஒரு அம்மா தட்டைக் கொண்டுவந்து வேன் ஜன்னல் வழியாக நீட்டினார். போண்டா. உள்ளே அண்ணன் மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். "...எனக்கோ என் வாரிசுகளுக்கோ..." என்பது வரைக்கும் தெளிவாகக் கேட்டது. வீடே சிரித்தது. அதில் ஒரு சிரிப்பு புதுசு. அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். நல்ல சிரிப்பு. இந்த இடம் முடிந்துவிடும் என்று தோன்றியது.

போண்டா சூடாக இருந்தது. நான் அவசரப்படவில்லை. ஒன்றை எடுத்துப் பிட்டு, ஆறவைத்தேன்.